தாய்மார் கவனிக்க வேண்டிய மூன்று அடையாளங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பரிசு வாங்கும் நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்? ஆகவே, கை, கால், வாய்ப்புண் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இந்நோய் பெரும்பாலும் சிறு பிள்ளைகளுக்கே வரும். காய்ச்சல் அடிக்கும், வாயில் புண் உண்டாகும், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிறு கொப்புளங்கள் தோன்றும். நம் வீடுகளில் இதைச் "சூட்டுக் கொப்புளம்" என்போம். சிலர் "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை வைப்பார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே குணமாகிவிடும். அதனால்தான் நமக்கு அலட்சியம்.

ஆனால், 1997-இல் சரவாக்கில் நடந்ததை மறக்கலாகாது. ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்த சுமார் 30 பிள்ளைகள் அவ்வாண்டு மாண்டார்கள். மறு ஆண்டு தைவானில் 78 பேர். எண்டெரோவைரஸ் 71 என்னும் கிருமி மூளையைத் தாக்கினால் இருதயமும் நுரையீரலும் சில மணி நேரத்திலேயே தளர்ந்துவிடலாம். 2018-இல் இந்நோய் நம் நாட்டில் மீண்டும் பெருமளவில் பரவி, பல பாலர் பள்ளிகள் மூடப்பட்டன.

அத்தனை பிள்ளைகளில் ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டுபிடிப்பது எப்படி? சிபு மருத்துவமனையில் மருத்துவர்கள் 2000 முதல் 2006 வரை ஆராய்ந்து மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்.

ஒன்று, காய்ச்சல் மூன்று நாளோ அதற்கு மேலோ நீடிப்பது.

இரண்டு, காய்ச்சல் 38.5 டிகிரியோ அதற்கு மேலோ ஏறுவது.

மூன்று, பிள்ளை விளையாடாமல் சோர்ந்து, துவண்டு கிடப்பது.

முதுகுத்தண்டு நீரைச் சோதித்ததில், நோய் நரம்பு மண்டலத்தை எட்டியது தெரிந்த 250 பிள்ளைகளில் 162 பேருக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ இருந்தன. எட்டாத 186 பேரில் 56 பேருக்கே அப்படி இருந்தன. ஆனால், மீதி 88 பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். இரண்டு அடையாளம் இல்லாமலே அவர்களை நோய் பிடித்துவிட்டது. ஆகவே "இன்னும் ஒண்ணும் இல்லையே" என்று இருந்துவிடக் கூடாது.

தூக்கத்தில் பிள்ளைக்குத் திடுக்குத் திடுக்கென்று தூக்கிப் போட்டால், "பயந்துபோச்சு, மந்திரிக்கணும்" என்கிறோம். இந்நோயில் அது மூளை தரும் எச்சரிக்கை. திருநீறு போடுங்கள், நான் தடுக்கவில்லை. போட்ட கையோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். ஓயாத வாந்தி, தள்ளாடும் நடை, மூச்சு வாங்குதல், கை கால் சில்லிடுதல் எல்லாம் அப்படித்தான். நடு இராத்திரி என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

டாக்டர் பிள்ளையைப் பார்ப்பது ஐந்து நிமிடம். இரவெல்லாம் பார்ப்பவள் தாய். எத்தனை நாள் காய்ச்சல், எவ்வளவு ஏறியது, பிள்ளை எப்படிக் கிடந்தது என்பதை நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள். வீட்டில் ஒரு காய்ச்சல்மானி இருக்கட்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு பையன் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தான். "ஏண்டா, தூங்குமூஞ்சி!" என்று அதட்டினேன். எழுப்பத் தொட்டபோது உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நல்ல வேளையாக அவன் பிழைத்துக்கொண்டான். நான் சொன்ன சொல் மட்டும் இன்றும் என்னைச் சுடுகிறது.

மாணவச் செல்வங்களே! சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கொப்புளம் கண்டால் மறைக்காமல் அம்மாவிடம் சொல்லி, வீட்டிலேயே இருங்கள். வீட்டில் தம்பி தங்கை துவண்டு கிடந்தால் முதலில் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகள் எல்லோரும் அடுத்த ஆண்டும் இதே மேடையில் ஏற வேண்டும். அதுவே என் ஆசை.