தராசு காட்டாதது

நான் தலைமையாசிரியனாயிருந்தபோது, உணவை வெறுத்து மெலிந்த மாணவி ஒருத்தி எடை கூடித் திரும்பினாள். குணமடைந்தாள் என்று மகிழ்ந்தேன். சில திங்களில் மீண்டும் மெலிந்தாள். என் பிழையைப் பின்னரே நூல்வழி உணர்ந்தேன்.

இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்த குடும்பச் சிகிச்சையில், பிள்ளையை உண்பிக்கும் பொறுப்பை முதலில் பெற்றோரே ஏற்கின்றனர். 19 வயதுக்கு முன் தொடங்கி, 3 ஆண்டுக்கு மேல் நீடிக்காத நோய்க்கு அது நற்பயன் தருவதை 1987ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. ஆயினும் உடல் முன்னே தேறும்; அச்சம் பின்னரே அகலும். அதனை அளக்க ஒரு வினாப்படிவம் உண்டு. உணவையும் உடலையும் பற்றிக் கடந்த 28 நாட்களில் எழுந்த எண்ணங்களுக்கு 0 முதல் 6 வரை மதிப்பிடுவர். தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டு ஒப்பிட்டால் மாற்றம் புலப்படும்.

எடை ஒரு பாடம். மனம் மற்றொரு பாடம். நான் ஒன்றைத் திருத்தியே தேர்ச்சி அளித்துவிட்டேன். "உள்ளே எப்படியம்மா இருக்கிறது?" என்று ஒருமுறையேனும் கேட்டிருக்கலாம்.