இரண்டு நாள் விடுமுறையில் தரங்கம்பாடி

கர்நாடக எல்லையின் கடைசி ஊர்களில் ஒன்றான அத்திபெலேயில் வாழும் நமக்குத் தமிழ்நாடு தொலைதேசம் அன்று. சாலையில் சிறிது தூரம் சென்றால் எல்லை, அதற்கப்பால் ஓசூர். எனினும் சனியும் ஞாயிறும் சேர்ந்து விடுமுறை கிடைக்கும் வாரங்கள் நமக்குச் சிலவே. அவற்றுள்ளும் பல, சொந்த ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று கழிந்துவிடுகின்றன. எஞ்சியதை நல்ல முறையில் செலவிடுவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஒருமுறை மூன்று குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு நாளில் ஐந்து ஊர்களைக் கண்டு திரும்பத் திட்டமிட்டோம். நாகூர், வேளாங்கண்ணி, காரைக்கால், திருக்கடையூர், பூம்புகார் என்று பட்டியல் நீண்டது. கண்டதோ பேருந்தின் சன்னலைத்தான். குழந்தைகள் உறங்கினர், பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தனர். அடுத்த ஆண்டு ஒரே ஊர் என்று முடிவு செய்தோம். அவ்வூர் தரங்கம்பாடி.

கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவில் மதில் சூழ்ந்த பழைய துறைமுக நகரம் ஒன்று உண்டு. உலகெங்கிலுமிருந்து மக்கள் அதைக் காணச் செல்கின்றனர். அத்தகைய பழந்துறை ஒன்று நமக்கு ஓர் இரவுப் பயணத்தில் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் ஊர். பெயரிலேயே கடல் இருக்கிறது.

வெள்ளி இரவு புறப்படுவது நலம். மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக மயிலாடுதுறைக்குச் செல்லும் இரவு ரயில் ஒன்று உண்டு. அன்றி, காரைக்கால், நாகப்பட்டினம் பக்கம் செல்லும் இரவுப் பேருந்துகளும் ஓசூர்ச் சாலையில் வருகின்றன. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நேரங்கள் அவ்வப்போது மாறுவதால் முன்கூட்டி விசாரித்து, திரும்பும் பயணச்சீட்டையும் அப்போதே வாங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை. சுமார் 900 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியில் பழகிய நமக்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை.

சனி காலை ஊரை அடைந்ததும், 1792-இல் கட்டப்பட்ட நகரவாயிலின் வழியே நடந்தே உள்ளே செல்லலாம். நேரே கடலை நோக்கிச் செல்லும் ராஜ வீதியில், 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் நிற்கின்றன. வீதியின் முடிவில் டேனிஷ் கோட்டை. 1620-இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் இடம் தர, டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள் மிளகு வாணிகத்திற்காக எழுப்பிய கோட்டை இது. அப்போது மன்னர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதுவித்த மடல் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் டேனியர் இவ்வூரையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுச் சென்றனர். பின்னர் நாகப்பட்டினத்திற்கு ரயில் வரவே, வாணிகமும் அங்கே சென்றது. ஆரவாரம் அகன்றதனாலேயே பழைய வீதிகள் நமக்கு எஞ்சின போலும்.

நண்பகலில் ஓய்வு, மாலையில் கரை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இங்குதான் இருக்கிறது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இவ்வூரில் பல உயிர்களையும் கொண்டது. ஆகவே கடலில் இறங்கும் குழந்தைகளின் கையை விடலாகாது.

ஞாயிறு காலை அக்கரையில் நிகழ்ந்ததைச் சொல்லவே இத்தனையும் சொன்னோம். 1706 ஜூலை 9-ஆம் நாள் இங்கு வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, முதிய ஆசிரியர் ஒருவரிடம் சிறுவர்களோடு சிறுவராக மணலில் அமர்ந்து, விரலால் எழுதித் தமிழெழுத்துகளைக் கற்றார். சில ஆண்டுகளில் இங்கே அச்சுக்கூடம் அமைந்தது. 1714-இல் புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி தமிழில் அச்சேறியது. காகிதம் போதாமையால் எழுத்துகளையே சிறியனவாக வார்த்தனர். இவற்றை நாங்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுமி, ஈரமணலில் தன் பெயரைக் கன்னடத்தில் அழகாக எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "தமிழில் எப்படி எழுதுவது, மாமா?" என்றாள். எங்களுக்கு வெட்கமாயிற்று. வீட்டில் தமிழ் பேசியதே போதும் என்றிருந்துவிட்டோம். எழுதிக் காட்டினோம். உடனே அவள், தான் எழுதிய கன்னட எழுத்தைக் காட்டி, "இதை நீங்கள் படியுங்கள்" என்றாள். இருபது ஆண்டு அத்திபெலேயில் உண்டு உடுத்து வாழ்ந்தும், எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த ஒருவர் மணலில் அமர்ந்து கற்றதை, அண்டை நாட்டிலிருந்து சென்ற நாம் செய்யவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் மணலில் எழுதினோம். பார்க்க நினைத்த இடங்களில் ஒன்றிரண்டு விட்டுப்போயின, அதில் வருத்தமில்லை.

நண்பகல் உணவை முடித்து மயிலாடுதுறை திரும்பினோம். திங்கள் காலை வேலைக்குச் சென்றோம். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் தெருவில் ஒரு மணி நேரம், குழந்தைகள் தமிழ் எழுதுகிறார்கள்; பெரியவர்கள் கன்னடம் எழுதுகிறோம். எங்கள் எழுத்துத்தான் இன்னும் கோணலாக இருக்கிறது.

நேயர்களே, அடுத்த விடுமுறைக்குப் பட்டியலைச் சுருக்குங்கள். ஓர் ஊர் போதும். அதில் குழந்தைகளுடன் உட்கார ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வையுங்கள்.