உள்ளத்தை எம்மொழியில் எழுதுவது?

(பென்னாகரத்தில் நடைபெற்ற திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேசும் பொருளை எனக்குத் தந்தவர் அவைத்தலைவர் அல்லர். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை என்னிடம் தமிழ் பயின்ற ஒரு பெண். அவள் இப்போது வெளியூர்க் கல்லூரியொன்றில் உளவியல் இளநிலை மூன்றாமாண்டு படிக்கிறாள். இறுதிப் பருவத்தில் ஆய்வேடு ஒன்று எழுதி, துறைக் கருத்தரங்கில் படித்துக்காட்டி, எழும் வினாக்களுக்கு விடையிறுத்தாக வேண்டும். பொங்கல் விடுமுறையில் வரைவுத் தாள்களோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். "ஐயா, ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் நான் கேட்டு வந்தது இதில் இல்லை" என்றாள். அந்த ஒரு சொற்றொடரை விரித்துரைப்பதே என் உரை.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் நம் மண்ணின் பொருள். இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் புளூரைடு மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் இலிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதனைக் கடந்த நீரை, பல் உருவாகும் இளம்பருவத்தில், ஏறத்தாழ எட்டு அகவை வரை, குடித்து வளரும் பிள்ளையின் பல்லில் வெண்புள்ளியோ பழுப்புக் கறையோ தோன்றிவிடும். எவ்வளவு துலக்கினும் போகாது. அது மேலே படிந்த அழுக்கன்று, பல்லின் மேற்பூச்சு உருவாகும்போதே நேர்ந்துவிட்ட குறை. காவிரி நமக்குப் பத்துக் கல் தொலைவில் ஓடுகிறது. அந்நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டினர். 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஆழ்குழாய் நீரில் வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரி அகவையினர். இவளும் அவர்களுள் ஒருத்தி. வகுப்பில் எப்போதும் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுவாள். மூன்றாண்டுகளில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. தமிழாசிரியன் வகுப்பில் யார்தான் சிரிப்பார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உண்மைக் கரணியம் பிறகுதான் விளங்கிற்று.

பற்கறை உடைய பிள்ளைகள் தம்மைப் பற்றி என்ன நினைக்கின்றனர்? இதுவே அவள் ஆய்வின் வினா. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளையும் தன்னொத்த அகவையினரையும் ஊர் ஊராகச் சென்று கண்டாள். அளப்பதற்கு அவளிடம் கொடுக்கப்பட்ட கோல், மோரிசு உரோசன்பர்க்கு என்னும் அமெரிக்கக் குமுகாயவியலார் 1965இல் வெளியிட்ட தன்மதிப்பு அளவுகோல். நியூயார்க்கு மாநில உயர்நிலைப் பள்ளி மாணவரைக் கொண்டு அவர் அதனை அமைத்தார். பத்தே கூற்றுகள். முழுதும் ஒப்புகிறேன் என்பது முதல் முற்றும் மறுக்கிறேன் என்பது வரை ஒவ்வொன்றுக்கும் நான்கு படிகள். ஐந்து கூற்றுகள் தன்னை உயர்த்துவன. ஐந்து தன்னைத் தாழ்த்துவன. எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடும் இயல்பினரால் கணக்குப் பிழையாமல் இருக்க இந்த ஏற்பாடு. நல்ல கருவிதான், உலகின் பல மொழிகளில் பெயர்த்து ஆண்டிருக்கின்றனர். குறை கருவியில் இல்லை.

அதனை அவள் தமிழில் சொல்லிக் கேட்ட இடத்தில்தான் சிக்கல் தொடங்கிற்று. தன்னிடம் சிறப்பென்று ஒன்றும் இல்லை என்னும் பொருள்படும் கூற்றைப் படித்துக்காட்டினால், பிள்ளை "இல்லைங்க" என்கிறது. எதனை இல்லை என்கிறது? சிறப்பு இல்லை என்கிறதா, அக்கூற்றே சரியில்லை என்கிறதா? ஒரே சொல், நேரெதிரான இரு பொருள். தாளில் எந்தப் படியைக் குறிப்பது? இன்னொன்று. பிறர்க்கு இணையான தகுதி உனக்கு உண்டா என்று கேட்டால் அப்பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தன்னைத் தானே புகழ்தல் தகாது என்று வளர்த்த வீடு அது. நன்னூலாரே புலவர்க்கு நான்கு இடங்களில் மட்டுமே தற்புகழ்ச்சியை ஒப்பினார். பென்னாகரத்துப் பதினேழு அகவைப் பெண் எந்த இடத்தில் ஒப்புவாள்? தலைகுனிந்தாள் என்பதற்காக அவளுக்குத் தன்மதிப்புக் குறைவென்று எண்ணிடுவதா? ஓர் ஊரில் 'தன்மதிப்பு' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெரியவர் எழுந்து 1925ஆம் ஆண்டு இயக்க வரலாற்றைத் தொடங்கிவிட்டாராம். அவர்மேல் பிழையில்லை, அச்சொல் இந்நாட்டில் வாழ்ந்த வாழ்வு அது.

இவற்றையெல்லாம் உளவியலாரே அறிந்திருக்கின்றனர். ஒரு வினாநிரலை ஒரு மொழியில் பெயர்த்தபின், மூலத்தைப் பாராத வேறொருவரைக் கொண்டு மீளவும் பழைய மொழிக்கே பெயர்க்கச் செய்து, இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று பார்க்கும் முறையைப் பிரிசிலின் என்னும் அறிஞர் 1970இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். நம் பெண்ணுக்கு அதைச் செய்ய யாரும் சொல்லவில்லை. செய்யப் பொழுதும் கொடுக்கவில்லை. பேருந்தில் போகும்போது மடியில் தாளை வைத்துத் தானே பெயர்த்துக்கொண்டாளாம்.

வினாநிரலை மூடி வைத்தபின் பிள்ளைகள் சொன்னவைதாம் உண்மையான விளைச்சல். "சிரிச்சாத் தெரியுமுங்க அக்கா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியைப் பெண்பார்க்க வந்தவர்கள், "கொஞ்சம் சிரி, பாப்பா" என்றார்களாம். வேறொன்றும் கேட்கவில்லையாம். இவ்விரண்டும் ஆங்கில வரைவில் என்னவாயின தெரியுமா? 'குறைந்த தன்மதிப்பு', 'குமுக விலகல்' என்று இரண்டு கலைச்சொற்கள் ஆயின. அந்த மாப்பிள்ளை வீட்டார் எங்கே போயினர்? அவர்களைக் காணோம். நோய் நீரில் இருக்கிறது, இகழ்ச்சி பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. ஆய்வேட்டிலோ குறை முழுவதும் அந்தப் பெண்ணின் உள்ளத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. நான் கேட்டு வந்தது இதில் இல்லை என்று அவள் சொன்னதன் பொருள் இதுவே.

இனி, அவள் ஏறப்போகும் கருத்தரங்கைப் பற்றி ஒரு செய்தி. ஆங்கிலத்தில் 'செமினார்' என்கின்றனரே, அதன் வேர் இலத்தீன் சொல். அதற்கு நாற்றங்கால் என்று பொருள். விதை முளைத்து, பிடுங்கி நடும் அளவுக்கு வளரும் இடம். அம்முறை செருமானியப் பல்கலைக்கழகங்களில் தழைத்தது. ஆல்லெ நகரில் மொழிநூலறிஞர் வோல்பு 1787இல் அமைத்த கருத்தரங்கு பெயர்பெற்றது. அதற்கும் நூறாண்டுக்கு முன், 1687இல், இலீப்சிக்குப் பல்கலைக்கழகத்தில் தோமாசியசு என்னும் ஆசிரியர் தம் வகுப்பைச் செருமானிய மொழியில் நடத்தப் போவதாக அறிவித்தார். இலத்தீனே கல்விமொழி என்றிருந்த காலம். மற்றப் பேராசிரியர்கள் கொதித்தனர். சில ஆண்டுகளில் அவர் அந்நகரை விட்டே நீங்க நேர்ந்தது. ஆனால் அவர் திறந்த வழி மூடவில்லை. அதே இலீப்சிக்கில்தான் 1879இல் வில்லெல்ம் வூண்டு உளவியலுக்குரிய ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அமெரிக்கராகிய கேட்டல் அங்குச் சென்று 1886இல் வூண்டிடம் முனைவர் பட்டம் பெற்றார். செருமானியம் கற்காமல் அங்கே படிக்க முடியாது. இன்று ஆங்கிலமன்றி உளவியல் இல்லை என்போர் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். ஆங்கிலத்தை வெறுக்கச் சொல்லவில்லை. உலகத்தார் ஆய்ந்ததைப் படிக்க அது வேண்டும், நன்றாகவே வேண்டும். படிப்பது ஒன்று, நம் மக்களின் உள்ளத்தை எழுதுவது வேறொன்று.

நம் நாட்டுக்கு வருவோம். 1916ஆம் ஆண்டு வியப்பான ஆண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித்துறையானது அவ்வாண்டே. மறைமலையடிகளார் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியதும் அவ்வாண்டே. பென்னாகரம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சேலத்தில் இராசாசியும் வேங்கடசுப்பையரும் தமிழில் அறிவியற் சொல்லாக்கத்துக்கு ஒரு கழகம் கண்டதும் அவ்வாண்டே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்தது 1943இல். போவாசு அதன் முதல் தலைவர். அதற்கு முன்னரே அடிகளார் அறிதுயிலைப் பற்றியும் தொலைவிலுணர்தலைப் பற்றியும் தமிழில் நூல் எழுதிவிட்டார். அவற்றுள் பல கருத்துகளை இன்றைய ஆய்வுக்கூடம் ஏற்காது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. உள்ளத்தைப் பற்றிய புத்தறிவைத் தமிழில் எழுத முடியுமா என்று தயங்காமல் அவர் எழுதினார். 'அறிதுயில்' என்ற சொல் இன்றும் நமக்குப் பயன்படுகிறது.

எல்லாம் தொல்காப்பியத்தில் உண்டென்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவது நம்மவரிடம் உள்ள ஒரு நோய். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு உரியது. ஆய்வுக்கூட உளவியல் அன்று. ஆயினும் அப்பெண்ணோடு திண்ணையில் அதனைப் பிரித்தபோது நானே சற்றுத் திகைத்தேன். இளிவரல் என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன் நான்கு. அவற்றுள் ஒன்று பிணி. நகைக்குக் கூறுவன நான்கு. அவற்றுள் முதலாவது எள்ளல். ஒருவர் பிணியால் இளிவரல் கொள்கிறார். மற்றவர் எள்ளி நகைக்கிறார். முன்னவர் தம் நகையை அடக்கிக்கொள்கிறார். நகை என்ற சொல்லோ சிரிப்பையும் குறிக்கும், பல்லையும் குறிக்கும்! அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு நெடுநேரம் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம், நாணம், வெட்கம், இளிவரல் என்று நான்கு சொல் நம்மிடம் இருக்க, நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடைத்தது ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த நான்கும் அவள் ஆய்வின் நான்கு பிரிவுகள் ஆகலாம்.

மாணவர்களே, இதனை உங்கள் பொருட்டுச் சொல்கிறேன். பிள்ளை பேசிய சொல்லை அது பேசியவாறே, பேச்சுத் தமிழிலேயே, அன்றன்றே எழுதி வையுங்கள். நான் தமிழாசிரியனாயிற்றே என்று திருத்திவிடாதீர்கள். முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். கல்லூரி ஆங்கிலம் கேட்டால் பின்னர்ப் பெயர்த்துக் கொடுங்கள். மூலச் சொல்லைப் பின்னிணைப்பிலாவது வையுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்லல், முன்னுக்குப் பின் முரணல், குறையக் கூறல், மிகையாகக் கூறல் என்று மரபியலில் நூற்குற்றம் பத்து வகுத்திருக்கிறது. ஆய்வேட்டுக்கும் அவை குற்றங்களே. கருத்தரங்கில் வினாத் தொடுப்பவரை அஞ்சாதீர்கள். பாண்டியன் அவையில் தொல்காப்பியர் நூலை அரங்கேற்றியபோதே அதங்கோட்டாசான் எதிரே அமர்ந்திருந்தார்.

அவளுடைய பேராசிரியை நல்லவர் போலும். தமிழ்க் கூற்றுகளைப் பின்னிணைப்பாகச் சேர்க்க இசைந்திருக்கிறார். ஏட்டின் உள்ளே சேர்க்க இசையவில்லை. அதைக் கருத்தரங்கில் கேட்டுப் பார்க்கப் போகிறாளாம். எழுந்து பேச வேண்டுமே, முன்வரிசையில் அனைவரும் முகத்தையே பார்ப்பார்களே என்று கேட்டேன். "பார்க்கட்டுமே ஐயா" என்றாள்.

பிரிசிலின் சொன்னவாறு வினாநிரலை இப்போதாவது சரிபார்க்க வேண்டும். தமிழ்ப்பெயர்ப்பு என் பையில் இருக்கிறது. ஆங்கில மூலத்தை இதுவரை பாராத, இரு மொழியும் அறிந்த இருவர் தேவை. இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் அருள்கூர்ந்து என்னைப் பாருங்கள். வரும் ஞாயிற்றுக்குள் அவளுக்கு அனுப்பியாக வேண்டும்.