பிரேக்குப் பழுதைச் சொல்லும் முறை

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கிராணிக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. சம்பந்தம் உண்டு. வண்டிப் பழுதுப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது. முன்பு நான் வேலை செய்த ஒரு தோட்டத்தில், பால்வெட்டுப் பெண்கள் ஒன்பது பேருடன் மேட்டுக்காட்டிலிருந்து இறங்கிய பழைய லேண்ட் ரோவர், பாலத்தருகே நிற்காமல் ஓடி மண்மேட்டில் மோதியது. ஓர் அம்மாளுக்குக் கை முறிந்தது. அதற்கு முன் ஓட்டுநர் மூன்று தடவை என்னிடம் சொல்லியிருந்தார். மூன்று தடவையும் "பிரேக்கு சரியில்லை" என்று மட்டுமே எழுதினேன். "எண்ணெய் பார்க்கப்பட்டது, குறைவில்லை" என்று மேலிருந்து பதில் வந்தது. அந்த இரண்டு சொற்களுக்கு நானும் பொறுப்பாளியே.

அந்த ஓட்டுநர் சொன்னது வேறு. "காலை அழுத்தி வைத்திருந்தால் மிதி மெல்ல மெல்லக் கீழே போகிறது, கிராணி" என்றார். அதை நான் எழுதவில்லை. மாஸ்டர் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்தால் இப்படித்தான் நடக்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. எண்ணெய் மட்டமும் குறையாது. ஆகவே காலையில் கிளம்புமுன், வண்டி நிற்கும்போதே மிதியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தாழ்ந்தால் ஆள் ஏற்றாதீர்கள். பழைய லேண்ட் ரோவர் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழிதான். ஓரிடத்தில் விட்டால் எல்லாம் போயிற்று.

மற்றப் பழுதுகளும் இவ்வாறே தம் அடையாளத்தைக் காட்டும். முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டு மூன்று முறை மிதித்தபின் மேலே வந்தால், பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. இவ்வண்டிகளில் அது தானாகச் சரியாகாது. கையால்தான் கூட்ட வேண்டும். பந்தை மிதிப்பதுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று. வண்டி இடப்பக்கம் இழுத்தால் அந்தப் பக்கத்தையே குடைந்துகொண்டிராமல் வலப்பக்க டிரம்மைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஷூவில் எண்ணெய் ஏறிப் பிடிமானம் போயிருக்கும். கியர் எண்ணெய் நாற்றம் அடித்தால் அச்சின் சீல், இல்லையேல் சக்கர பம்பு. எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்து மாட்டுவது வீண்வேலை. இரு பக்கமும் சேர்த்து மாற்றக் கேளுங்கள்.

சக்கரம் சூடேறி இறுகி நின்றால் காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றுத் திறந்து பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கிறது. ரப்பர்க் குழாய் உட்புறம் வீங்கியிருக்கலாம், மாஸ்டர் பம்பும் காரணமாகலாம். விடுபடாவிட்டால் கோளாறு டிரம்முக்குள்தான்.

தூசியை மட்டும் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அது நுரையீரலைக் கெடுக்கும். அவசரத்துக்கு எஞ்சின் எண்ணெயைப் பிரேக்குக்கு ஊற்றுவதும் கூடாது, ரப்பரெல்லாம் ஊதிப்போகும். கைப்பிரேக்கு சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்னால் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் அந்தப் பிடி பயன்படாது. மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் வண்டிக்கடியில் போகவே வேண்டாம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2024 ஜூன் முதல் நாள் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறதென நம்ப நியாயமான காரணமிருந்து, அதை நீக்க முதலாளி எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள அதில் உரிமை உண்டு. ஆனால் நாம் சொன்னோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டாமா? "பிரேக்கு சரியில்லை" என்பது அத்தாட்சியாகாது. எந்தத் தேதி, எந்த இறக்கம், எத்தனை பேர் ஏறியிருந்தார்கள், மிதி என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரும் ஞாயிறு காலை பட்டறையில் ஒரு பழைய டிரம்மைக் கழற்றிக் காட்ட ஏற்பாடாகியிருக்கிறது. பெண்களும் வரவேண்டும், பின்னால் உட்காருபவர்கள் நீங்கள்தானே.