‘இதோ முடிச்சிடுறேம்மா!’
(நமது குடியிருப்பின் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



"பத்தே நிமிஷம்" என்று பிள்ளை சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அது பொய்யில்லை. 1991-இல் வெளிவந்த, சிட் மெயரின் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டைப் பாருங்கள். ஒரு நகரத்தில் கோயில் கட்டி முடியும்போது, ஒரு கண்டுபிடிப்பு பாதியில் இருக்கும். அது முடிவதற்குள் எல்லையில் எதிரிப்படை தெரியும். எழுந்திருக்கத் தோதான இடமே வராது.

ஜெயிக்கும் ஆசை மட்டுமே காரணமில்லை. வீடியோ கேம்களின் ஈர்ப்பை ஆராய்ந்து, உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் மூன்று தேவைகளைச் சொன்னார்கள்: நானே முடிவெடுக்கிறேன், என் திறமை வளர்கிறது, என்னோடு ஆள் இருக்கிறது.

வீட்டில்? டியூஷன் முதல் தூக்கம் வரை நாமே முடிவு செய்கிறோம். மார்க் குறைந்தால் திட்டு. அங்கே தோற்றால், எங்கே தப்பு என்று யோசித்து மறுபடி ஆடலாம்.

நானும் ஒருநாள் ப்ளக்கைப் பிடுங்கியவன்தான். மகன் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது ஆரம்பிக்கும் முன்பே, எங்கே சேமித்துவிட்டு எழுவது என்று இருவரும் பேசிக்கொள்கிறோம்.

நீங்களும் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் இப்படி ஆடினே?" என்று கேளுங்கள். வீட்டிலும் ஒரு முடிவையாவது அவர்களிடம் விடுங்கள்.