மாரடைப்புச் சிகிச்சையில் காலமும் செவிலியர் பணியும்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தியமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அடங்கின. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் தமிழ்க் குடும்பங்களும் அங்கேயே தங்கின. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளின் நிலையும் இதைப் போன்றதே. சந்தைக்கும் திருமணத்துக்கும் இம்மக்கள் எல்லையைப் பொருட்படுத்துவதில்லை. நோய்க்கும் அப்படித்தான். மூணாற்றில் ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டால் கொச்சி நோக்கி இறங்குவதா, போடிமெட்டு வழியே தேனிக்குப் போவதா, மறையூர் வழியே உடுமலைப்பேட்டைக்குப் போவதா என்ற கேள்வி எழுகிறது. எந்த வழியும் மலை வழியே. இடுக்கி மாவட்டத்தில் இரயில் பாதையும் கிடையாது.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக் கொள்வதே மாரடைப்பு. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகிறது. பன்னிரண்டு மணி நேரம் கடந்தபின் உறைவைக் கரைக்கும் மருந்தால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே மருந்தின் மதிப்பு அது எப்போது கொடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

மருந்தின் பயனைப் பற்றிய ஐயம் 1980-களிலேயே தீர்ந்துவிட்டது. 1986-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஏறத்தாழ 11,700 நோயாளிகளிடையே ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து இறப்பைக் குறைப்பதை நிறுவியது. 1988-இல் வெளியான ‘ஐசிஸ்-2’ ஆய்வு இன்னும் பெரியது. 417 மருத்துவமனைகளில் 17,187 நோயாளிகள் அதில் இடம்பெற்றனர். ஸ்ட்ரெப்டோகைனேசும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டோரில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தோர் 8.0 சதவிகிதம், இரண்டுமே கொடுக்கப்படாதோரில் 13.2 சதவிகிதம். ஆஸ்பிரின் மாத்திரையின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையைவிடக் குறைவு என்பதைத் திட்டமிடுவோர் மனத்தில் கொள்ளவேண்டும்.

பின்னர் நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் வேறொரு கேள்வியை எழுப்பின: தெரிந்த சிகிச்சை நோயாளியைச் சென்றடைகிறதா? 2008-இல் வெளியான ‘கிரியேட்’ பதிவேட்டின்படி, இந்தியாவின் 89 மையங்களுக்கு வந்த நோயாளிகள் வலி தொடங்கியபின் மருத்துவமனையை அடைய எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடங்கள். அதாவது பாதிப்பேர் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ கழித்தே வந்தனர். வறியோரில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.2 சதவிகிதம், செல்வரில் 5.5 சதவிகிதம். வலி வந்தவுடன் வாயுக்கோளாறு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் வழக்கம் இத்தாமதத்தில் எவ்வளவு பங்கு பெறுகிறது என்பது எந்தக் கணக்கிலும் அடங்காது.

கேரளத்தில் 2007 முதல் 2009 வரை 125 மருத்துவமனைகளில் 25,748 நோயாளிகளைப் பற்றிய பதிவேடு தொகுக்கப்பட்டது. மருத்துவமனையில் இருந்த காலத்தில் செம்மையான மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் 40 சதவிகிதத்தினரே எனத் தெரியவந்தது. இக்குறையைக் களையத் திருச்சூர் மருத்துவர் பி. பி. மோகனன் முதலியோர் 2014 நவம்பர் முதல் 2016 நவம்பர் வரை 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். அனுமதியின்போதும் விடுவிப்பின்போதும் நிரப்பவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல், மாதந்தோறும் தணிக்கை, நோயாளிக்கு அறிவுரை, அவசர சிகிச்சைப் பயிற்சி ஆகியவை அதன் கருவிகள். 30 நாளுக்குள் நேர்ந்த பெருங்கேடுகள் 6.4 சதவிகிதத்திலிருந்து 5.3 சதவிகிதமாகக் காணப்பட்டன. எனினும் கால மாற்றத்தையும் மருத்துவமனைகளுக்கிடையேயுள்ள வேறுபாட்டையும் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. 2018-இல் இம்முடிவு மறைக்கப்படாமல் வெளியிடப்பட்டது பாராட்டுக்குரியது. பட்டியல் தானாக வேலை செய்யாது. அதைக் கையில் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும்.

அவர் பெரும்பாலும் செவிலியரே. 1962-இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரில் ஹியூஸ் டே என்பவர் இருதயத் தீவிர சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய காலத்திலேயே இவ்வுண்மை புலப்பட்டது. இருதயத் துடிப்பு தாறுமாறாகும்போது மின்னதிர்ச்சி கொடுக்கச் சில நிமிடங்களே உண்டு. படுக்கையருகே இருப்பவர் மருத்துவர் அல்லர். பிலடெல்பியாவில் மெல்ட்சர் என்ற மருத்துவரும் ரோஸ் பின்னியோ என்ற செவிலியரும் அப்பொறுப்பைச் செவிலியருக்குப் பயிற்றுவித்து வழங்கினர்.

ஒரு சிறிய மருத்துவமனையின் இரவுப் பணியை எண்ணிப் பாருங்கள். நோயாளி வந்த பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுக்கவேண்டும். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்யவேண்டும். 15 இலட்சம் அலகு ஸ்ட்ரெப்டோகைனேசை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றும்போது இரத்த அழுத்தம் சரிகிறதா, ஈறில் இரத்தம் கசிகிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சுக் குழறல் மூளையில் இரத்தக் கசிவின் அறிகுறியாகலாம்; நோயாளி தமிழிலும் செவிலியர் மலையாளத்திலும் பேசும் இடத்தில் அதைக் கண்டறிவது எளிதன்று. எல்லைப்புறப் பணியிடங்களில் இரு மொழியும் அறிந்த செவிலியரை அமர்த்துவது சலுகையன்று, சிகிச்சையின் ஒரு பகுதி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை ஒன்றுக்குச் செவிலியர் ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் அளவுகோல். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியத்தை ரூ. 20,000 எனக் கேரள அரசு 2018-இல் அறிவித்தது. நெடுநாள் போராட்டத்துக்குப் பின் கிடைத்த முன்னேற்றம் அது. ஆயினும் இரண்டாண்டு பயிற்சி பெற்றவர் வெளிநாடு செல்ல, புதியவர் அவ்விடத்துக்கு வருவதே நடைமுறை. அனுபவம் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. அது வெளியேறும்போது நட்டமும் ஏறுவதில்லை.

எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி முதலியோர் மற்றொரு முறையைச் சோதித்தனர். சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனையுடன் இணைத்து, இ.சி.ஜி.யை முன்கூட்டி அனுப்பி, முதலில் கரைப்பு மருந்து கொடுத்துப் பின்னர் மாற்றும் முறை அது. 2,420 நோயாளிகளிடையே ஓராண்டு இறப்பு 17.6 சதவிகிதத்திலிருந்து 14.2 சதவிகிதமாகக் குறைந்தது. இவ்விணைப்பு மாநில எல்லையோடு நின்றுவிடவேண்டிய காரணமில்லை. வாளையாறிலிருந்து கோயம்புத்தூர் அருகிலேயே உள்ளது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் பிற மாநிலத்தில் சிகிச்சை பெறவும் இடமுண்டு.

அதுவரை செய்யக்கூடியது ஒன்றுண்டு. கரைப்பு மருந்து பெற்றவருக்கு மூன்று மணி முதல் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் தமனிப் படம் எடுப்பது வழக்கம். மலையிலிருந்து இறங்கும் ஆம்புலன்சில் நோயாளியுடன் செல்லும் சீட்டில், மருந்து ஏற்றத் தொடங்கிய மணியும் நிமிடமும், இரு மாநில மருத்துவமனைகளும் ஏற்கும் ஒரே படிவத்தில், செவிலியரின் கையொப்பத்துடன் இருக்கவேண்டும்.