பாட்டிலில் ஒட்டிய நிறம்: 1958 கப்பல் முதல் மதுராந்தகம் வரை

மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்களுக்குப் பூச்சிமருந்து பாட்டிலில் இருக்கும் சாய்சதுரம் பழகியதுதான். கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, இதில் ஏதாவது ஒன்று. இந்த நிறங்கள் வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய சாவுக்கதை இருக்கிறது.

1958 ஏப்ரல், மே மாதங்கள். கேரளாவிலும் அன்றைய சென்னை மாநிலத்திலும், சாப்பிட்ட கையோடு ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில், கோதுமை மாவு மூட்டைகளோடு பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியையும் ஏற்றியிருந்தார்கள். மருந்து ஒழுகி மாவில் கலந்துவிட்டது. நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிகள் சட்டமும், 1971-ல் அதற்கான விதிகளும் வந்தன.

விதிகள் நஞ்சை நான்கு தரமாகப் பிரித்தன. அளவுகோல், சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு. வாய்வழியே போனால், ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராம் வரை போதும் என்றால் சிவப்பு; மண்டையோட்டுப் படமும் வேண்டும். 500 வரை மஞ்சள், 5,000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கும் எச்சரிக்கை வாசகம் உண்டு. லேபிள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு நிறமே பேசும்.

பூச்சிமருந்துக்கு மட்டும் இப்படி விதி இருந்தால் போதுமா? 1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1989-ல் மற்ற அபாயகர ரசாயனங்களுக்கும் விதிகள் வந்தன. அதே ஆண்டு மோட்டார் வாகன விதிகள், டேங்கர் லாரிகளில் அபாயத் தகவல் பலகையைக் கட்டாயமாக்கின. ஜி.எஸ்.டி. சாலையில் மெத்தனால் லாரி போனால், அதன் பலகையில் 1230 என்ற ஐ.நா. எண் இருக்க வேண்டும். 2003-ல் ஐ.நா. உலகம் முழுவதற்கும் பொதுவான வகைப்பாட்டு முறையையே வெளியிட்டது.

ஆனால் 2023 மே மாதம் மதுராந்தகம் பக்கத்திலும் மரக்காணம் பக்கத்திலும் என்ன நடந்தது? ஆலைகளுக்கான மெத்தனாலைச் சாராயம் என்று விற்றார்கள். இரண்டு இடங்களிலுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி, பார்வை நரம்பைத் தாக்கும். லாரியில் எண் இருக்கலாம், பீப்பாயில் மண்டையோடு இருக்கலாம். குடித்தவர் கைக்கு வந்ததில் எதுவுமே இல்லை.

சட்டம் லேபிளைக் கலத்தில்தான் ஒட்டச் சொல்கிறது. உள்ளே இருப்பதை வேறொன்றில் ஊற்றிய நொடியே இத்தனை வருஷத்துப் பாதுகாப்பும் அறுந்துவிடும். வீட்டிலும் அதே கதைதான்: மிச்ச மருந்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால், அசல் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாரத்தியான் வகை நஞ்சுக்கு அட்ரோபின் ஊசி போடுவார்கள், மெத்தனாலுக்கு மாற்று மருந்தே வேறு. எது உள்ளே போனது என்று லேபிள் சொன்னால், டாக்டர் தேடுகிற நேரம் மிச்சமாகும்.